பெண் வீட்டு முறை

அம்மன்குறிச்சி,
25-8-2024

அன்புள்ள உலகம்மாள் மதினிக்கு,

வடிவு எழுதுவது. இங்கு நானும் செல்வியும் நலம். அங்கு நீங்களும் அண்ணாச்சியும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க அம்பாள் துணை.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். மூன்று தடவை போன் செய்தேன். காது மந்தமான பிறகு நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் வாயைத் திறந்ததும் பக்கத்தில் மாப்பிள்ளை தொண்டையைக் கனைப்பது கேட்கிறது. சௌக்கியம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். நாம் இரண்டு பேர் பேச வேண்டியதை வீடே கேட்க வேண்டாம் என்றுதான் தபாலாபீசில் கவர் வாங்கினேன். எங்கள் படித்துறையில் நின்றால் அக்கரையில் உங்கள் ஊர்க் கோபுரம் தெரிகிறது. இந்தக் கடிதம் மட்டும் திருநெல்வேலி போய்ச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் உங்களிடம் வரும்.

செல்வி ஆனி மாதத்தில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். ஆவணி ஆகிவிட்டது. கேட்டால் போகிறேன் என்கிறாள், பெட்டியை எடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு அவளைக் கொடுத்து மூன்று வருஷமாகிறது. இப்படி வந்து தங்கினதே இல்லை. மாப்பிள்ளையும் ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஐப்பசித் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டு முறை இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. போன தடவை வந்தபோது செல்வி அப்பா உயிரோடு இருந்தார்கள். உங்கள் கோவில் அம்பாள் பாலம் கடந்து எங்கள் ஊர் மண்டபத்துக்குத் தவசுக்கு வரும் மூன்று நாளும் அவள் எங்கள் வீட்டுப் பெண். மஞ்சள் இடிப்பது, பூக் கட்டுவது, பாவாடை தைப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. மூன்றாம் நாள் உங்கள் ஊர்க்காரர்கள் சாமியின் சார்பில் மாப்பிள்ளை வீட்டாராக வரும்போது, முறை வீட்டுப் பெண் மாலைத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவரை இழந்த நான் அதைத் தொட ஊர் சம்மதிக்காது. செல்விதான் எடுக்க வேண்டும். வாங்கிக்கொள்வது வழக்கம்போல உங்கள் வீட்டு அண்ணாச்சி.

மாப்பிள்ளையை அன்றைக்கு நீங்கள் கூட்டி வர வேண்டும். அம்பாள் சந்நிதியில் இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசினால் எல்லாம் நேராகிவிடும் என்று இருக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
வடிவு


திருவடிமங்கலம்,
3-9-2024

அன்புள்ள வடிவு மதினிக்கு,

உலகம்மாள் ஆசிகளுடன் எழுதுவது. உங்கள் எழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதிக் கொடுத்தீர்களே, அதற்குப் பிறகு இப்போதுதான்.

முறை உங்களுக்கு வந்தது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இங்கே கோவிலில் எல்லாம் எப்போதும்போல. போன மார்கழி வெள்ளத்தில் இடிந்த மதிலை இன்னும் முழுதாகக் கட்டவில்லை. காதுக்கு மிஷின் வாங்கித் தந்திருக்கிறார்கள், அது காதுக்குள் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. கழற்றி வைத்துவிட்டேன். ஓதுவார் பாடும்போது வாய் அசைவதைப் பார்த்து எந்தப் பாட்டு என்று தெரிந்துகொள்கிறேன். அண்ணாச்சிக்கு வாழைதான் உலகம். காலையில் வயலுக்குப் போனால் வெயில் தாழ்ந்துதான் வீடு.

உங்கள் மாப்பிள்ளை நம்பிக்கு ஷோரூமில் லீவு கிடைப்பது கஷ்டம். ஐப்பசியில் பார்க்கலாம். மதினி, செல்வியை அவசரப்படுத்த வேண்டாம். பிள்ளை இருக்கட்டும். நன்றாகச் சாப்பிடுகிறாளா? கை வலி தேவலையா? மணிக்கட்டில் எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

அவளுடைய டீச்சர் டிரெயினிங் சர்டிபிகேட்டுகள் எங்கள் பீரோவில் இருந்தன. அண்ணாச்சி அங்கே உரம் வாங்க வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். பத்திரமாக வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உலகம்மாள்


அம்மன்குறிச்சி,
14-9-2024

அன்புள்ள மதினிக்கு,

வடிவு எழுதுவது. சர்டிபிகேட் பை வந்து சேர்ந்தது. அண்ணாச்சி வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எதற்கு அனுப்பினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. இங்கே அவளுக்கு அது என்னத்துக்கு? இனி வர வேண்டாம் என்று அர்த்தமோ என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்படி இருக்காது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

கோவில் கமிட்டித் தலைவர் வந்திருந்தார். சுற்றி வளைத்துத்தான் பேசினார். பிள்ளை மூன்று மாதமாகப் புருஷன் வீட்டில் இல்லை, ஊர் ஒரு மாதிரி பேசுகிறது, மங்கல காரியம், அதனால் தட்டை மட்டும் அடுத்த வீட்டு மருமகள் எடுக்கட்டுமே என்றார். மாப்பிள்ளை வந்து அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். உள்ளே செல்விக்கு எல்லாம் கேட்டது. முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

கை வலி என்று எழுதியிருந்தீர்கள். படித்துறையில் வழுக்கி விழுந்தேன் என்று வந்த அன்றைக்கே சொன்னாள். ஆனால் நேற்று மஞ்சள் இடிக்க உலக்கையைப் பிடித்தவள் பாதியில் கீழே வைத்துவிட்டாள். மூன்று மாதமாகியும் கை நடுங்குகிறது. என்ன விழுந்த விழுகை இது, மதினி?

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் மாப்பிள்ளையைக் கூட்டி வாருங்கள். அம்பாளை அனுப்பின கையோடு செல்வியையும் உங்களோடு அனுப்பிவிடுகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால் மீற மாட்டாள்.

உங்களை நம்பியிருக்கும்,
வடிவு


திருவடிமங்கலம்,
20-9-2024

அன்புள்ள வடிவு மதினிக்கு,

நம்பியைக் கூட்டி வர மாட்டேன். செல்வியை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெண்ணைப் பெற்றவர் காதில் விழக்கூடாத வார்த்தை இது. ஆனாலும் மீதியைப் படியுங்கள்.

அவள் படித்துறையில் விழவில்லை. ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வேலைக்கு நேரில் வரச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. நம்பியிடம் கேட்காமல் மனு போட்டிருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தவன் கண்ணில் அது பட்டுவிட்டது. சோறு வைத்துக்கொண்டிருந்த கையைப் பிடித்து முறுக்கினான். கரண்டி தரையில் விழுந்தது. நான் அடுப்படி வாசலில் நின்றேன். எனக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும். அவனாகக் கையை விடும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அது முதல் தடவையும் இல்லை. அதற்கு முன்னால் நான் பார்த்தது மூன்று. பார்க்காதது எத்தனை என்று அவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டுவேன், அவளைச் சமாதானப்படுத்துவேன். மறுநாள் எல்லாருக்கும் இட்லி அவித்து வைப்பேன்.

அன்றைக்கு எண்ணெய் காய்ச்சித் தடவி, துணியால் கட்டினேன். கட்டிக்கொண்டே நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா கேட்டா படித்துறையில வழுக்கிட்டுன்னு சொல்லிரும்மா. அவன் பைய சரியாயிருவான்." அந்தப் பொய் உங்கள் மகள் சொன்னதில்லை மதினி, நான் சொல்லிக்கொடுத்தது. எனக்குக் கேட்க வேண்டும் என்று அவள் என் காதுப் பக்கம் குனிந்து சொன்னாள்: "அத்தே, நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னிய."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்கிற மாதிரிதான் சொன்னாள். மறுநாள் காலையில் நானே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். பத்து நாள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மனசு சங்கடப்படக் கூடாது என்று அவளாகச் சொல்லியிருப்பாள்.

இப்போது நம்பி விவாகரத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்போகிறான். அவளே கோபித்துக்கொண்டு போனாள் என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் பெற்ற பிள்ளை, அவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அதற்காக உங்கள் பிள்ளையை இன்னொரு தடவை அந்த அடுப்படியில் நிறுத்த முடியாது.

நீங்கள் ஒரு வரி எழுதினால் திருக்கல்யாணத்துக்கு வருவேன். எழுதாவிட்டால் உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்க மாட்டேன்.

உலகம்மாள்


திருவடிமங்கலம்,
18-10-2024

வடிவு மதினிக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. அது சரிதான். பதில் கேட்டு எழுதவில்லை, சொல்ல வேண்டியது ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் எப்போதும் வயலில் இருப்பவர்கள், ஒன்றும் தெரியாது. மாமியார் மருமகள் சண்டை என்று நினைத்திருந்திருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்கள். மூன்று நாள் என்னிடமும் பேச்சில்லை, நம்பியிடமும் பேச்சில்லை. நாலாம் நாள் அவனைக் கூப்பிட்டு, "லே, டவுன்லயே ஒரு ரூம் பாத்துக்கோ. இந்த வீட்டுல இனி நீ இருக்க வேண்டாம்" என்றார்கள். நம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் துணியை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். போன பிறகு எனக்குப் போன் செய்வதில்லை. இட்லித் தட்டில் பாதிக் குழிதான் இப்போது மாவு ஊற்றுகிறேன்.

அண்ணாச்சி தட்டு வாங்க வருவார்கள். நான் வரவில்லை. செல்வியின் கைக்கு டாக்டரிடம் காட்டுங்கள், எண்ணெயோடு விட்டுவிடாதீர்கள்.

உலகம்மாள்


அம்மன்குறிச்சி,
11-11-2024

மதினிக்கு,

வடிவு எழுதுவது. இனி உங்களை என்ன முறை சொல்லி அழைப்பது என்று தெரியாமலே நாலு நாள் தள்ளிப்போட்டேன். வேறு வார்த்தை வரவில்லை, அதனால் இதுவே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைச் செல்வியின் கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு, "அத்தை எழுதிட்டாங்களா" என்றாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் முன்னால் அழுதாள். எனக்கு உங்கள் மகன்மேல் வந்ததைவிட உங்கள்மேல்தான் கோபம் அதிகம் வந்தது. அவரை நான் அவ்வளவாக அறியேன். உங்களை நம்பித்தானே கொடுத்தேன். அதற்கப்புறம் என்மேலேயே கோபம் வந்தது. எப்போது போகிறாய், எப்போது போகிறாய் என்று தினமும் அவளைக் கேட்டது நான்தான். அதனால்தான் பேனாவைத் தொடவில்லை.

திருக்கல்யாணத்தன்று நடந்ததை அண்ணாச்சி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் சுபாவம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தட்டு அடுத்த வீட்டு மருமகள் கைக்கு என்று தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டார். செல்வி மூன்று நாளும் அம்பாளுக்கு எல்லாம் செய்தாள். இடது கையால் மஞ்சள் இடித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தூறலோடு உங்கள் ஊர்க்காரர்கள் மேளத்தோடு பாலம் ஏறி வந்தபோது, மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் கூப்பிடவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணாச்சி வந்து நின்றதும் வழக்கப்படி பெண் கேட்க வேண்டும் அல்லவா, கேட்கவில்லை. முறை யார் வீட்டுக்கு என்றார்கள். தலைவர் விஷயத்தைச் சொன்னார். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

"முறை வீட்டுப் பொண்ணு அங்கனதான நிக்கா" என்றார்கள்.

புருஷன் கூட இல்லையே என்று தலைவர் மெல்லச் சொன்னார்.

"புருசன் எம்மவன் வே. தப்பு அவன்மேல. எங்க வீட்டுல அந்தப் பிள்ளைக்கு மரியாதை கிடைக்கல. இங்கனயாவது கிடைக்கட்டும். தட்டு அவ கையிலதான் வாங்குவேன்."

அவ்வளவுதான் சொன்னார்கள். ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேளம் நின்றுவிட்டது. பின்னால் வந்த உங்கள் ஊர்க்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார், அப்புறம் ஒவ்வொருவராக நாற்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். குருக்கள் முகூர்த்தம் போகிறது என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் அந்த அடுத்த வீட்டு மருமகளே தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய், "அக்கா, நீங்களே குடுங்க" என்று செல்வியிடம் நீட்டினாள்.

தட்டில் மாலையும் தேங்காயும் பழமும், கனம் அதிகம். செல்விக்குக் கை நடுங்கியது. அண்ணாச்சி எழுந்து வந்து அவள் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்கள். "பைய குடும்மா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்கள். அப்படியே வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்துவிட்டார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது. அம்பாளைப் பாலம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

நோட்டீஸ் வந்துவிட்டது. முடித்துக்கொள்கிறேன் என்று செல்வி சொல்லிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. டாக்டரிடம் காட்டினோம், எலும்பில் கீறல் இருந்து தானாகக் கூடியிருக்கிறதாம், பயிற்சி செய்தால் நடுக்கம் குறையும் என்றார். சேரன்மாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேர்கிறாள், அங்கேயே ஹாஸ்டலில் தங்கிக்கொள்வாள். அத்தைமேல் கோபமா என்று கேட்டேன். "இருக்கும்மா. ஆனா பொய் சொல்லச் சொன்னவங்களே உண்மையையும் எழுதிட்டாங்கல்லா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எழுதச் சொன்னது அவள்தான்.

அவள் போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்தி. கார்த்திகைக்கு வாருங்கள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள், ஆறவில்லை. வந்தால் உங்களோடு சண்டை போடுவேன். இந்த விஷயத்துக்குச் சண்டை போட எனக்கு வேறு ஆள் கிடையாது. காலைப் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன்.

வடிவு