மீன்தொட்டி விளக்கு

ஆடி, மூன்றாம் வெள்ளி.

மருமகள் செல்வியின் மீன்தொட்டியில் பாசி பிடிப்பதற்குக் காரணம் நான்தான் என்று இன்றைக்குத் தெரிந்தது. ஒரு மாதமாகக் கண்ணாடியைச் சுரண்டுகிறாள், தண்ணீரை மாற்றுகிறாள், உள்ளே வளரும் செடிகளின் இலையைக்கூடத் துடைக்கிறாள். நாலே நாளில் மறுபடி பச்சை. ஞாயிற்றுக்கிழமை மீனையெல்லாம் கடைக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

இன்று அவளுக்கு லீவு. சாயங்காலம் வண்ணமீன் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"லைட்டு எவ்வளவு நேரம் எரியுது?"

"காலைல ஆறுக்குப் போட்டு, ஒரு மணிக்கு வேலைக்குப் போகும்போது அமத்திருதேன் அண்ணாச்சி."

"அப்ப இவ்வளவு பாசி வராதே. கூடுதலா எரிஞ்சாத்தான் இப்பிடிப் பிடிக்கும்."

நான் காபி போட அடுப்படிக்குப் போய்விட்டேன். விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் ஒரு மூலையும் இருட்டாக இருக்கக் கூடாது எனக்கு. தினமும் தொட்டி விளக்கையும் போட்டுவிட்டு, படுக்கும்போதுதான் அணைப்பேன்; செல்வி வேலை முடிந்து வர அதற்கும் மேலாகும்.

அவர் போனதும் சாமி விளக்கை ஏற்றினேன். செல்வி பக்கத்தில் நின்றாள்.

"ஏட்டி, சாயங்காலம் தொட்டி லைட்ட நாந்தான் போடுதேன்."

அவள் தன் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"தேய்ச்சித் தேய்ச்சி என் கைரேகையே அழிஞ்சிட்டு அத்த."

"ஞாயித்துக்கிழம குடுத்திருவியா?"

"குடுக்கல. நாளையிலருந்து காலைல நான் போடல. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்களே போடுங்க. படுக்கும்போது மறக்காம அமத்திருங்க."

இன்றைக்கு ஏற்கெனவே ஏழு மணி நேரம் எரிந்துவிட்டது. அதனால் தொட்டி இருட்டாகக் கிடக்கிறது. முருகா, அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.