பிடித்தால் நிற்க வேண்டும்

தேற்றாத்தீவு,
ஆவணி 2010

அன்பு மகன் ஜெயரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கொம்புச்சந்திப் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் அக்காவும் உயிரோடு இருக்கிறோம், சுவிஸ் குளிரில் உன்னையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் நீ, ஏன் அம்மா குரல் ஒரு மாதிரிக் கிடக்குது என்று கேட்டாய், சளித் தடிமன் என்று சொன்னேன். தடிமனும் இல்லை ஒன்றும் இல்லை, அக்கா பக்கத்தில் இருந்தாள், அவளை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது. சைக்கிளால் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னதும் முழு உண்மை இல்லை. அதுதான் எழுதுகிறேன், பாதியில் போனை எடுத்துக் கத்தாமல் கடைசி வரைக்கும் வாசி.

நீ பார்சலில் அனுப்பிய மோட்டர் வைத்த சைக்கிள் சில்லையும் பெட்டரியையும் உன் மாமா அழகரத்தினம்தான் நம்முடைய பழைய சைக்கிளில் பூட்டித் தந்தான். என் தம்பிக்குத் தெரியாத சைக்கிள் வேலை இந்த உலகத்தில் இல்லை என்பது அவன் நினைப்பு, உனக்குத் தெரியாததா. பெட்டிக்குள் வயர் தொங்கிக்கொண்டு இரண்டு புதுப் பிறேக் பிடி கிடந்தது. பழைய பிடி நல்லாத்தானே கிடக்குது அக்கா, இது மருமகன் ஸ்பெயருக்கு அனுப்பியிருக்கான், பத்திரமா வையுங்க என்றான். நானும் சேலைகளுக்குக் கீழே வைத்து அலுமாரியைப் பூட்டினேன். வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் வீடுகளில் எப்போதும் அப்படித்தானே, புதியது அலுமாரிக்கு, பழையது பாவனைக்கு. ஆனால் சைக்கிள் நன்றாக ஓடியது மகன், அதைச் சொல்லத்தான் வேண்டும். முழங்காலை மடக்க முடியாத உன் அக்கா மிதிக்காமலே களுவாஞ்சிகுடி தையல் கடைக்கு வேலைக்குப் போய் வந்தாள். பஸ் நெரிசலில் மூச்சடைக்குது என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வருகிறவள், இப்போது வரும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு, அயல் சனத்தோடு நின்று கதைத்துவிட்டு வந்தாள். எனக்கு மனம் ஆறியிருந்தது.

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள், வழியில் ஆமிக்காரரின் காவல் சென்றி இன்னும் எடுபடவில்லை. போன மாதம் ஒரு காலை அந்தச் சென்றியைக் கிட்டும்போது பின்னால் வந்த லொறியின் டயர் வெடித்திருக்கிறது. ரோட்டில் நின்ற சனம் அத்தனையும் நிலத்தில் குந்திவிட்டது. இவள் பயத்தில் பிறேக்கை இறுக்கிப் பிடித்தாள், அதே வலது கையில்தானே எக்ஸ்சிலேற்றரும், அதையும் சேர்த்து முறுக்கிவிட்டாள். பிறேக் பிடிக்கப் பிடிக்க மோட்டர் தள்ளுகிறது. ஆமிக்காரன் நவத்தன்ன, நவத்தன்ன என்று கத்துகிறான், நிறுத்து என்றுதான், சைக்கிள் அவனை நோக்கியே போகிறது. துவக்கை நீட்டிவிட்டான். மணல் நிரப்பிய பீப்பாயில் மோதி விழுந்தாள், நல்ல காலம் அவன் சுடவில்லை. விழுந்து கிடந்தும் இவள் கை விடவில்லையாம், பின் சில்லு சுற்றிக்கொண்டே கிடந்ததாம், அந்த ஆமிக்காரனே வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தானாம். செய்தி கேட்டு நான் ஓடிப்போனபோது அவன் நிழலில் குந்தியிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், உன்னிலும் சின்ன வயது. அவன் விரல் கொஞ்சம் அழுத்தியிருந்தால் என் பிள்ளை இல்லை.

இனி நான் எழுதப்போவதை நீ அறியமாட்டாய். கல்லடியில் சுனாமிக் கடல் வந்த அன்று அவள் புருஷன் திவாகரன் அத்தானின் உடலாவது கிடைத்தது, அவள் பெற்ற மேனுகாக் குஞ்சு கிடைக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும். கடல் வேண்டாம் என்று அக்காவைக் கரடியனாற்றில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம், அங்கே சண்டையில் ஷெல் வந்து விழுந்து அவள் முழங்காலைத் தின்றது, அதுவும் தெரியும். உனக்குத் தெரியாதது இதுதான், கடல் வந்தபோது மேனுகாவை அவள் வலது கையில்தான் பிடித்திருந்தாள். அன்றிலிருந்து இடி முழங்கினாலும் கதவு அடித்தாலும் அந்தக் கை பூட்டிக்கொள்கிறது. மற்றவர்கள் பயந்தால் கையில் உள்ளதைப் போடுவார்கள், இவள் விடமாட்டாள். இப்படிப்பட்ட கைக்கு நாங்கள் என்ன சைக்கிளைக் கொடுத்திருக்கிறோம் பார்.

புதுப் பிறேக் பிடியின் வயரை மோட்டரோடு கொழுவினீங்களா, அதைப் பிடித்தால் மோட்டருக்குக் கரண்ட் போகாது என்று நீ போனில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. மாமாவைக் கூப்பிட்டு நன்றாக ஏசினேன், பாவம், தலையைக் குனிந்துகொண்டு பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினான். ஒரு பக்கத்து வயரைக் கொழுவினால் போதும் என்றான், நான் விடவில்லை, எந்தக் கை முதலில் பிடிக்கும் என்று யார் கண்டது, இரண்டையும் கொழுவு என்றேன். முதலில் பிறேக் கட்டை சில்லில் முட்டிய பிறகுதான் மோட்டர் நின்றது. அது சரிவராது, பிடியைத் தொட்ட உடனே கரண்ட் போகவேண்டும், பிறகுதான் கட்டை பிடிக்கவேண்டும் என்று சொல்லி, பிறேக் கம்பியை இளக்கி இளக்கிச் சரிபார்க்க வைத்தேன். ஹாண்டிலைத் திருப்பினால் வயர் இழுபட்டது, அதையும் தளர்த்திக் கட்டினான்.

பிறகு ஸ்டாண்டில் போட்டுப் பின் சில்லைத் தூக்கி அக்காவை ஏற்றி எக்ஸ்சிலேற்றரை முறுக்கச் சொன்னேன். சில்லு இரைந்துகொண்டு சுற்றியது. நான் சத்தமில்லாமல் பின்னால் போய்ச் சோற்றுப் பானை மூடியைச் சீமெந்தில் போட்டேன். ஈவிரக்கமில்லாதவள் என்று நீ திட்டுவாய், உன் மாமாவும் திட்டினான். சென்றியடியில் டயர் சொல்லிக்கொண்டா வெடித்தது? அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் பூட்டிவிட்டாள், வலது கை எக்ஸ்சிலேற்றரை முழுக்க முறுக்கியபடியே இருந்தது. சில்லு நின்றுவிட்டது. நான் போய் விரலைத் தொட்டேன். அண்டைக்கும் இப்பிடித்தான் அம்மா இறுக்கிப் பிடிச்சன், என்ட கை விடல்ல என்றாள், கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் கடல் வந்த அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்தது இதுதான். நீ விடல்ல புள்ள, எனக்குத் தெரியும் என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

நாளைக்கு மறுபடி வேலைக்குப் போகிறாள். அந்தச் சென்றியால்தான் போகவேண்டும், கடலுக்கும் வாவிக்கும் நடுவே பஸ் ஓடுகிற ரோடு இது ஒன்றுதானே. பழைய பிறேக் பிடி இரண்டையும் ஸ்பெயருக்கு எடுத்து வைப்போம் என்றான் மாமா, வாங்கிக்கொண்டு போய் வாவிக்குள் எறிந்துவிட்டேன். நீ காதை மூடிக் கம்பளித் தொப்பி போடு, வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும், நோய்நொடியில்லாமல் நெடுநாள் இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் எழுதியதை அக்காவிடம் காட்டிக்கொள்ளாதே, மேனுகாவின் பேரை எடுக்காதே. பிறேக் எப்படி அக்கா என்று மட்டும் கேள். பிடிச்சா நிக்குது தம்பி என்பாள். அதை அவள் வாயால் இரண்டு மூன்று தரம் சொல்ல விடு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அன்னப்பூரணி