மூன்று விமானமும் ஓர் அவித்த முட்டையும்

ஜூன் 8, திங்கள்

இவர் காலையில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பேருந்துப் பணிமனையில் பழுதுபார்க்கிற வேலை; விடுப்பு முடிந்தது. இன்னொரு நாள் தாமதித்தால் மேலாளர் பேருந்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுவாராம்.

“அதுதானே உங்க வேலையே?” என்றேன்.

சிரித்தார். பிறகு முகம் மாறியது. “தனியா கூட்டிட்டு வந்துடுவியா?”

“ம்.”

“இந்த ‘ம்’மை நம்பி ஒரு பிள்ளையக் குடுக்கறாங்க பாரு.”

இந்த நாட்டு நீதிமன்றத்தில் தத்தெடுப்பு வேலை முடிந்தது. ஒரே ஒரு முத்திரை பாக்கி. அது விழுந்தால் குட்டி எங்களுடையவள்.

ஜூன் 10, புதன்

கொடுத்துவிட்டார்கள்!

மூன்று வயது. ஒட்ட வெட்டிய முடி. காலணி ஒரு அளவு பெரியது, நடந்தால் டப் டப் என்று சத்தம். நீல மேலங்கி போட்ட காப்பகப் பராமரிப்பாளர் அவள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டார். அவ்வளவுதான். அழவில்லை. என் கையைப் பிடிக்காமல் ஒரு விரலை மட்டும் பிடித்தாள்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா, “ஏதாவது கேக்கணுமா?” என்றார். மனசுக்குள் நூறு கேள்வி. மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு அதிகாரிகள். “இல்லைங்க” என்றேன். வேலைக்கான நேர்காணலிலும் இதையேதான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். இன்னும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறேன்.

மாலை, விடுதி அறையில் ரொட்டி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு. எதையும் தொடவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்க்கிறாள். எச்சில் விழுங்குகிறாள். ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பால் கொடுத்தேன் – ஒரே மூச்சில் குடித்தாள்.

புது இடம். நாளைக்குச் சாப்பிடுவாள்.

ஜூன் 11, வியாழன்

முதல் விமானம். சாப்பிடவில்லை.

இறங்கிய இடத்தில் பிஸ்கட், கஞ்சி, சூப் – கடை கடையாக ஏறி இறங்கினேன். முதுகில் பை, இடுப்பில் குட்டி, கையில் கிண்ணம். எல்லாவற்றையும் பார்க்கிறாள். தொடமாட்டேன் என்கிறாள். விமான நிலையத்து மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கா, பால் குடுத்துட்டே இருங்க” என்றார்.

அம்மா தொலைபேசியில் விடாமல் கேட்டாள். “என்னடி குடுத்தே?”

“எல்லாம் குடுத்துட்டேம்மா.”

“உனக்கும் பசிச்சா வாயத் திறந்து கேக்கத் தெரியாது. அதுக்கும் தெரியாது. நல்ல ஜோடிதான் போ.”

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. ஏன்டி சாப்பிட மாட்டேங்கறே? என்னப் பிடிக்கலையா? வேற யாராவது குடுத்தா சாப்பிடுவியா? உங்கப்பா கூட இருந்திருந்தா சாப்பிட்டிருப்பியா?

ஜூன் 12, வெள்ளி

இரண்டாவது விமானம் தாமதம். இருக்கைச் சீட்டைப் பார்த்தால் குட்டி ஒரு வரிசை, நான் வேறு வரிசை. முகப்பில் இருந்த பெண் நிமிரவே இல்லை. “விமானம் நிரம்பிடுச்சுங்க. யாராவது உள்ள மாத்திக் குடுப்பாங்க.”

எப்போதும் போல் ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்ல. இது என் பொண்ணு. என் பக்கத்துலதான் உக்காரும்.”

வரிசையே திரும்பிப் பார்த்தது. என் குரலா அது? எனக்கே தூக்கிவாரிப் போட்டது. என் பொண்ணு என்று வெளியில் சொன்னதும் அதுதான் முதல் தடவை. இருக்கை கிடைத்துவிட்டது.

சாப்பாடு வந்தது. அவித்த முட்டை, ரொட்டி. குட்டியின் கை பழையபடி மடியில். எனக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், முன்பின் தெரியாத மனிதர், அடைத்துக்கொண்ட உப்புக்குப்பியை மேஜைப்பலகையில் இரண்டு தட்டு தட்டினார். டக், டக்.

குட்டி நிமிர்ந்தாள். முட்டையை எடுத்தாள். முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்!

கன்னம் உப்ப உப்ப மென்றாள். ரொட்டியும் போயிற்று. என் ரொட்டியையும் அவள் தட்டில் வைத்தேன் – கை மடிக்குப் போய்விட்டது. விரலை மடக்கி நானும் தட்டினேன். டக், டக். எடுத்தாள்.

ஐயோ, என் கண்ணே. பசியோடு காத்துக்கொண்டா இருந்தாய்?

ஜூன் 13, சனி

மூன்றாவது விமானத்துக்குக் காத்திருந்தபோது மொழிபெயர்ப்பாளர் அம்மாவை அழைத்தேன். நானாக அழைத்தேன்.

“ஆமா, காப்பகத்துல மேஜையைத் தட்டின பிறகுதான் சாப்பிடணும். இல்லேன்னா பெருசுங்க சின்னதுங்களோடத எடுத்துடும். அதான் கேள்வி இருக்கான்னு கேட்டேனே?”

கேட்டீர்கள்தான்.

வீடு வந்து சேர்ந்தோம். கால் வீங்கியிருக்கிறது. இவர் வாசல் கதவில் குனிந்து, “வாங்க மகாராணி” என்றார். குட்டி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் காலுக்குப் பின்னால்! இவருக்கு லேசாகப் பொறாமை.

ஜூன் 21, ஞாயிறு

அம்மா பார்க்க வந்தாள். சாப்பாடு வைத்து இவர் மேஜையைத் தட்டியதும், “என்ன மாப்ள, கோபமா?” என்று பயந்து எழுந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னோம். பிறகு அவளே எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

ஜூலை 5, ஞாயிறு

சொன்னதைச் செய்கிறாள். கொடுத்ததைத் தின்கிறாள். எதையும் கேட்பதில்லை. பழக்கூடை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பழம்கூடக் குறைந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா, “எவ்வளவு நல்ல பிள்ளை!” என்கிறார்.

எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. விருந்தாளிதான் இப்படி இருப்பாள்.

ஜூலை 19, ஞாயிறு

பாட்டு பாடச் சொல்லி இவர் முழங்காலைப் பிடித்து ஆட்டினாள். கேட்டது என்று அதைச் சொல்லலாமா? இவர் சொல்லலாம் என்கிறார். இவர் பாடுகிற குரலைக் கேட்ட பிறகும் ஆட்டினாளே, அதனால் சொல்லலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற வாரம். வர நேரமாகிவிட்டது. இவரும் குட்டியும் சாப்பிட்டு முடித்துத் தரையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டில் போட்டுக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

குட்டி கட்டையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். என் தட்டைப் பார்த்தாள். பெரிய உருளைக்கிழங்குத் துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏய், அது என்னோடது” என்றேன்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள்.

இவர் எதையும் தட்டவில்லை. நானும்தான்.

அவளுக்குப் பசி இல்லை. அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாள். சும்மா எடுத்தாள்.