பூண்டு மூட்டைக்கு எதிர்ப்பக்கம்

12 ஜூன் 1961

பள்ளி திறந்தாயிற்று. பூண்டியிலிருந்து மூன்று மைல் நடந்து போய்ச் சேர்ந்தபோது சேலையெல்லாம் சேறு. காலில் ஐந்து அட்டை. வழியில் பொன்னுவேலின் பொதிக்குதிரை என்னைக் கடந்து போனது. தினமும் பள்ளிக்குப் பக்கத்தில் லாரி நிற்கும் இடம் வரை பூண்டு கொண்டுபோகிறவன். சேணத்தின் ஒரு பக்கம் மூட்டை, எதிர்ப்பக்கம் பிரம்புக் கூடையில் பாப்பம்மாள். எடை சரியாக நிற்க அவள் மடியில் இரண்டு கல்! இளம்பிள்ளை வாதத்தில் இரு காலும் போன பத்து வயதுப் பிள்ளை. என் வகுப்பில் அவள்தான் முதல்.

"டீச்சர், நான் முந்திட்டேன்" என்று கூடையிலிருந்து சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையா, சரக்கா?

3 ஜூலை

மனு எழுதி முடித்தேன். பூண்டி வரை தார் ரோடு, பள்ளிக்கு ஒரு வேன். படிப்பவர் மனம் இளகட்டும் என்று பாப்பம்மாளைத்தான் முதலில் வைத்தேன். 'மூட்டையோடு மூட்டையாகத் தொங்கி வரும் ஊனமுற்ற சிறுமி.' நன்றாக அமைந்துவிட்டது.

பொன்னுவேல், "எதுக்குங்க டீச்சரம்மா? பிள்ள பாட்டுக்குச் சொகமாத்தானே வருது" என்றான். உன் சோலியைப் பார் என்றேன்.

பாப்பம்மாளின் அம்மா சோலையம்மாள் கைநாட்டு வைத்தாள். "வண்டி வந்தா எம்பிள்ளைக்கு எடம் உண்டுல்லங்க?"

முதல் இடமே அவளுக்குத்தான் என்றேன்.

14 பிப்ரவரி 1962

ரோடு வந்துவிட்டது. லாரி பூண்டிக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஊரே எனக்கு மாலை போட்டது.

2 ஏப்ரல்

பொன்னுவேல் குதிரையை விற்றுவிட்டான். இனி அதற்கு என்ன வேலை? கூடையைச் சோலையம்மாளிடம் கொடுத்துவிட்டானாம்.

18 ஜூன்

வேன் வந்தது. பின்னால் முழுக்கப் பிள்ளைகள். டிரைவர் பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். பாப்பம்மாளை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "கியர் பக்கம் ரெண்டு பேரு கூடாதுங்க. டீச்சருக்கா, பிள்ளைக்கா, நீங்களே சொல்லிருங்க" என்றார் பள்ளி மேனேஜர்.

நான் நடக்கிறேன் என்றேன். சொன்ன சொல் ஒன்று இருக்கிறதல்லவா.

29 ஜூன்

மழை. ரோட்டோரப் புல்லில் ஒதுங்கி நடந்ததில் பன்னிரண்டு அட்டை. வேன் என் மேல் சேற்றை அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்து பாப்பம்மாள் கையாட்டினாள். அந்தக் கையை வெறுத்தேன். எழுதியே வைக்கிறேன் — வெறுத்தேன்.

9 ஜூலை

காய்ச்சல். இன்று மட்டும் வேனில் போனேன்.

10 ஜூலை

இன்றும்.

16 ஜூலை

காய்ச்சல் இல்லை. மழை இருக்கிறது.

1 ஆகஸ்ட்

வெள்ளனே சோலையம்மாள் வந்து வாசலில் நின்றாள். "நாளைக்காச்சும் பிள்ளைக்கு எடம் கெடைக்குங்களா?"

"மழை விடட்டும்" என்றேன். ஐப்பசி முடியாமல் இங்கே மழை விடாது. அவளுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனாள். நாலு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா? நான் என்ன, பாறையா? எனக்கு மட்டும் கால் வலிக்காதா? நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நோயில் விழுந்தால் யார் பார்ப்பது?

இப்படி எத்தனை நியாயம் வேண்டுமானாலும் என்னால் எழுத முடியும். மனு எழுதிய கை.

31 ஆகஸ்ட்

நெடுநாள் வரவில்லை என்று பதிவேட்டில் பாப்பம்மாள் பெயரை அடித்தேன். விதிப்படிதான்.

8 அக்டோபர்

எதிரே லாரி வந்ததால் பூண்டுக் கொட்டகை ஓரம் வேன் நின்றது. பாப்பம்மாள் தரையில் உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அதே பிரம்புக் கூடை, நிறையப் பூண்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"டீச்சர், இன்னிக்கு நீங்க முந்திட்டீங்க."

டிரைவரிடம், வெரசா எடுங்கள் என்றேன்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.