சரோஜினியின் பேரையும் எழுது

மலாக்கா, பண்டார் ஹிலிர்
1935 பங்குனி

அன்பு மகன் கதிரேசுவுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் உன் ஐயாவும் நானும் சுகம், நீயும் மருமகள் சரோஜினியும் பேரப்பிள்ளைகளும் அந்தத் தைப்பிங் மழையில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். ஐயாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு, பின்னேரத்தில் கடற்கரை வரை நடக்கிறார். பத்து பெரண்டாம் கிராமத்திலிருந்து பால் கொண்டுவரும் மாயாண்டி புதுச் சைக்கிள் வாங்கிவிட்டான், அதனாலோ என்னவோ பாலில் தண்ணீர் கூடிவிட்டது. முற்றத்து முருங்கை காய்த்துக் கொட்டுகிறது, தின்னத்தான் ஆளில்லை.

உன் கடிதம் போன செவ்வாய் வந்தது. நீ வேலை செய்யும் ரயில்வே கந்தோருக்குப் பக்கத்தில் வீடு ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கப்போகிறேன் என்று நீ எழுதியதை வாசித்ததும் ஐயா என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு இரண்டாம் முறையும் வாசித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோசம்தான். ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய், வீட்டு உறுதிப் பத்திரத்தை உன் பேரில் மட்டும் எழுதப்போகிறாய், சரோஜினி வீட்டில் சும்மா இருப்பவள், அவளுக்கு எதற்கு அலைச்சல் என்று. அந்த இடத்தில் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் எழுதினால் புத்திமதியாய்ப் போயிடும், நீர் எழுதும், அவனுக்கு உறைக்கும் என்றார். அதனால் எழுதுகிறேன். கோபித்தாலும் முழுக்க வாசி.

அவள் சும்மாவா இருக்கிறாள்? பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த பிள்ளையை மூத்தவன் பிறந்ததும் வேலைக்குப் போகாமல் மறித்தது நீ. பிறகு உன் சம்பளத்தை வெட்டினார்களே, அப்போது சமையல்காரனை நிற்பாட்டி, தானே அடுப்படிக்குள் நுழைந்தவள் அவள். நான் அங்கே வந்து நின்றபோது பார்த்தேனே, நைந்த காலரைத் திருப்பித் தைத்து உன்னை மாப்பிள்ளை மாதிரிக் கந்தோருக்கு அனுப்புவாள், சின்னவளின் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டே பெரியவனிடம் வாய்ப்பாடு கேட்பாள், கோழி வளர்த்து முட்டை விற்றதையும் சேர்த்து வைப்பாள், தான் மட்டும் அதே இரண்டு சேலையைத் துவைத்துத் துவைத்து உடுப்பாள். நீ சேமித்ததாக எழுதியிருக்கிறாய். தம்பி, நீ உழைத்தாய், சேமித்தது அவள். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை, கலியாணத்துக்குப் பிறகு சேர்வதெல்லாம் தேடிய தேட்டம், அதில் பாதி பெண்சாதிக்கு. அவள் வெளியே போய் உழைத்தாளா, வீட்டில் நின்றாளா என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. மலாயாச் சட்டம் வேறு என்று நீ சொல்லுவாய். இருக்கட்டும். சீதனம் பேசின அன்றைக்கு மட்டும் ஊர் வழக்கம், ஊர் வழக்கம் என்று வாய் ஓயாமல் சொன்னாயே, வாங்கும்போது யாழ்ப்பாணம், கொடுக்கும்போது மலாயாவோ? யோசித்துப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை ஐயா மடித்து வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து இந்த வீட்டு உறுதியை எடுத்துப் பார்த்தார். இஞ்சை பாரும், இதிலையும் உம்மட பேர் இல்லை, நான் அவனை என்னெண்டு ஏசுறது என்றார். இத்தனை வருசம் நான் கேட்டதுமில்லை, அவர் நினைத்ததுமில்லை. மறுநாள் காலமே கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த முழங்காலோடு, வக்கீல் கந்தோருக்கு நடந்து போய் வந்தார். என் பேரையும் சேர்க்கிறார்களாம், நாளைக்கு நான் போய்க் கையெழுத்து வைக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வருகிறது. கலியாண எழுத்தன்று பதிவுப் புத்தகத்தில் வைத்ததற்குப் பிறகு முழுப் பேரில் கையெழுத்து வைத்த ஞாபகமே இல்லை, உனக்கு எழுதினால் அம்மா, கடைக்காரனுக்குச் சிற்றம்பலத்தார் வீடு, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைச் சரோஜினியிடமும் வாசிக்கக் கொடு. ஊரிலிருந்து வந்த பனங்கட்டி கொஞ்சம் தபாலில் போட்டிருக்கிறேன். சின்னவளை முழுகவார்க்கும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும், இது சரோஜினிக்கு அல்ல, அவளுக்குத் தெரியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே வார்த்துப் பார். உறுதி எழுதப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போக மறவாதே. நீங்கள் நால்வரும் அந்த வீட்டில் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ ஐயாவும் நானும் வாழ்த்துகிறோம். நாளைக்கு வக்கீல் கந்தோரில் பிழைவிடக் கூடாதே என்று என் முழுப் பேரை இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அன்னபாக்கியம் சிற்றம்பலம்