பெண்ணின் வசனத்துக்கு முன்னால் ஒரு வரி

அண்ணா,

பேத்தி நேற்று ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். சினிமாப் படிப்பு படிக்கிறாள். முழுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறாள். எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. வசனங்களுக்கு நடுவில், தனி வரியில், அடைப்புக்குறிக்குள் ‘இடைவெளி’ என்றிருந்தது. பேசுகிறவர் பேசாமல் நிற்கிற இடமாம். தெரியும் என்றேன்.

நீயும் ஒரு நோட்டில் படத்துக்குக் கதை எழுதினாயே, அந்த இடத்தில் ‘சற்று நிறுத்தி’ என்று எழுதுவாய். நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். சென்னையில் ஒரு சினிமாக்காரரிடம் கொடுக்க வேண்டும், நோட்டைப் பார்த்துத் திருத்தமாக எழுதிக் கொடு என்றாய்.

அதில் ஒரு காட்சி, அதற்குப் பல வருஷம் முன்னால் என் வீட்டில் நடந்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். கச்சிராயபாளையம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டவர்களில் நீயும் ஒருவன். போலீஸ் தேடியபோது பின்பக்கமாக என் வீட்டுக்குள் வந்தாய். கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் எட்டு மாதமாக நமக்குள் பேச்சில்லை. அப்போதும் ஒன்றும் பேசாமல் உரிக்காத மல்லாட்டை மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய்.

வாசலில் வந்து கேட்டார்கள். எங்களுக்குள் பேச்சே இல்லை, மலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்றேன். ஜீப் கல்வராயன் மலைப் பக்கம் திரும்பியது.

உன் நோட்டில் நானாக வரும் அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன்னால் ‘சற்று நிறுத்தி’ என்றிருந்தது. உன்னைக் கேட்காமலே அந்த வரியை விட்டுவிட்டு எழுதினேன். நடந்ததை எழுதுகிறவன் நடந்தபடி எழுத வேண்டாமா?

நீ பக்கம் பக்கமாகச் சரிபார்த்து வந்தவன் அங்கே விரலை வைத்தாய்.

“இங்க ஒரு வரி இருந்துதே, இன்னா ஆச்சி?”

“நான் எங்க நிறுத்தனேன்? கேட்டாங்க, சொன்னேன். நின்னு யோசிச்சிருந்தா உன்ன ஜீப்புல ஏத்திக்கினு போயிருப்பாங்க. வாசல்ல நின்னவ நானா நீயா?”

சிரித்தாய். பிறகு நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

“நீ நிறுத்தல பாப்பா. உள்ள எனக்குத்தான் மூச்சி நின்னுச்சி. காட்டிக் குடுத்துடுவியோன்னு நெனச்சிட்டேன்.”

கோபம் வரவில்லை. அந்த எட்டு மாதத்தில் நாம் ஊரில் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிய பேச்சுக்கு யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நீ நினைத்தது தெரியாமலே அத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். விட்ட வரியைச் சேர்த்தேன்.

சினிமாக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். படம் வரவில்லை. நீயும் போய்விட்டாய்.

வாசலில் நின்று யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன். ஆயாவுக்கு எப்போதும் அவசரம் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். உள்ளே யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.