ஏழு நாள் க்ரீம்

மிஷன் மருந்தகம், ஒடிசா
9.4.2024

என் ஃபாத்திமாவுக்கு,

உன் பெயருக்குரிய ஃபாத்திமா மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். ஈஸ்டருக்கு வாங்கிய புதுச் செருப்பு அப்பாவின் பெருவிரலைக் கடித்துச் சீழ் வைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். டாக்டர் எழுதிய க்ரீம் நல்லதுதான், இங்கே நானும் அதைத்தான் கொடுக்கிறேன். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. புண்ணைத் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்து, மெல்லிசாகப் பூசு. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். காய்ந்துவிட்டதென்று நடுவில் நிறுத்தாதே. அதன் மேல் வேறு எதையும் தடவாதே. மிச்சத்தை வைத்திருந்து வேறு புண்ணுக்கோ வேறு ஆளுக்கோ போடாதே. ஐந்து நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் திரும்பக் காட்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. நீ அவசரக்காரி, அதனால்தான் இத்தனை விவரம்.

அன்பு அக்கா,
இசபெல்லா


அயோத்தியாப்பட்டணம்
18.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் ஏழு நாள் முடிந்துவிட்டது. நீ எழுதியதையெல்லாம் டாக்டரும் சொன்னார், அப்படியேதான் போட்டேன். மேல் தோல் மூடியிருக்கிறது. ஆனால் விரலுக்கு அடியில் கறுத்து, வாடை வருகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி க்ரீம் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா அசையவில்லை. "அங்க போனா அறுத்துடுவாங்க. பெரியவ நர்ஸு, அவ எழுதட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார்.

நீ இருக்கும் மலையில் செல்போன் டவர் இல்லை. அதனால் கெஞ்சி எழுதுகிறேன். போகச் சொல்லி இரண்டு வரி எழுது.

உன்
ஃபாத்திமா


மிஷன் மருந்தகம்
26.4.2024

அன்பு ஃபாத்திமா,

பதறாதே. செருப்புக் கடியில் ரத்தம் கட்டினாலும் கறுக்கும். வயதானவர்களுக்கு ஆற நாளாகும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்னொரு டியூப் வாங்கி, மேலும் ஒரு வாரம் போடு. ஆஸ்பத்திரி என்று சொல்லி அப்பாவை மிரட்டாதே. அவர் மனதை நான் அறிவேன். மறைமாவட்ட ஆயர் வருகிறார், இப்போது என்னால் இறங்கி வர முடியாது.

ஜெபத்துடன்,
இசபெல்லா


அயோத்தியாப்பட்டணம்
20.5.2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா?" என்று சிரித்தார். இரண்டாவது டியூப்பும் போட்டேன். ஆறாம் நாள் காய்ச்சலில் நினைவு தப்பியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"இது தோலுக்கு மேல போடுற மருந்தும்மா, எலும்பு வரைக்கும் போனதுக்கு இது என்ன பண்ணும்? ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

பார்க்க வருகிறவர்களிடம் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? "பெரியவ அவ்வளவு வெவரமா எழுதியிருந்தா. சின்னவ ஒழுங்கா போடல." பங்குச் சாமியார்கூட என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

அக்கா, நீ சொன்னது தப்பு என்று அப்பாவுக்கு ஒரே ஒரு கடிதம் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

ஃபாத்திமா


மிஷன் மருந்தகம்
29.5.2024

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கோவிலில் வைத்துப் படித்து அழுதேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஆனால் யோசித்துப் பார். காலும் போன மனுஷருக்கு என் மேல் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுக்க வேண்டுமா? இங்கே மடத்து மதர் காதுக்கு எட்டினால் என்னை மருந்தகத்திலிருந்து மாற்றிவிடுவார்கள். இத்தனை ஏழைகளை யார் பார்ப்பார்கள்? நீ எப்போதும் பொறுத்துக்கொள்கிறவள். இது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

உனக்காக ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்கிறேன்.

அக்கா


அயோத்தியாப்பட்டணம்
7.6.2024

சிஸ்டர் இசபெல்லா அவர்களுக்கு,

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்காக அல்ல. ஜெபமாலை முடிவில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவர் தூங்குகிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று கட்டு மாற்றும்போது, "பாத்துப் போடு, இன்னொரு காலையும் எடுக்க வச்சிடாத" என்றார். சரிப்பா என்றேன்.

அவருக்கு எழுதுங்கள். ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டுவேன். என் பெயருக்கு இனி எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அ. ஃபாத்திமா